தெரிந்தவர் பெயரில் வரும் நஞ்சு

தபால்காரர் ஒரு கடிதத்தை நம் கையில் தரும்போது, உறையைப் பிரிக்கும் முன்னரே அது யாருடையது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. முகவரி எழுதியிருக்கும் கை அண்ணனுடையதா, அத்தையுடையதா என்று வீட்டுச் சிறுவர்களும் சொல்லிவிடுவர். மின்னஞ்சலுக்கு அவ்வாறு ஒரு கையெழுத்து கிடையாது. 'அனுப்புநர்' என்ற இடத்தில் நாம் காணும் பெயர், உறையின் பின்புறத்தில் எவரோ ஒருவர் அச்சிட்டு ஒட்டிய துண்டுச்சீட்டைப் போன்றது. எவரும் எவர் பெயரையும் அதில் அச்சிடலாம். ஆயினும், காகிதக் கடிதத்தின்மேல் நாம் கொண்டிருந்த நம்பிக்கையை அப்படியே எடுத்து மின்னஞ்சலின்மேல் வைத்துவிட்டோம். கணிப்பொறி வைரஸ்களை எழுதுவோர் இத்தனை ஆண்டுகளாகப் பிழைத்து வருவது பெரும்பாலும் இந்த நம்பிக்கையின் தயவினால்தான்.

இந்நம்பிக்கை மிகுதியாக இருக்கும் இடம் குழுக்களே. முன்னாள் மாணவர் சங்கம், பாடகர் குழு, நாலு நாடுகளில் சிதறி வாழும் ஒரே குடும்பத்தார் எனப் பலரும் இன்று மின்னஞ்சல் குழு ஒன்றை வைத்துக்கொண்டிருக்கின்றனர். குழுவுக்கென ஒரே ஒரு முகவரி. அதற்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், உறுப்பினர் அனைவர்க்கும் அதன் படி போய்ச் சேரும். முன்பு இப்பட்டியலை ஒருவர் உட்கார்ந்து கையால் பராமரிக்க வேண்டியிருந்தது. 1986-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் எரிக் தோமா என்ற இளைஞர் 'லிஸ்ட்சர்வ்' என்னும் மென்பொருளை எழுதி, சேர்ப்பதையும் நீக்குவதையும் கணிப்பொறியே செய்யும்படி ஆக்கினார். அதன்பின் இத்தகைய குழுக்கள் உலகெங்கும் பெருகின. இவ்வளவு எளிதாக நற்செய்தி பரவும் வழியில் நஞ்சும் அதே எளிமையோடு பரவும் என்பதை அக்காலத்தவர் உணர அதிக நாள் ஆகவில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்று

1987-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அன்றைய மேற்கு ஜெர்மனியில் கிளவுஸ்தால் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தம் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்ப விரும்பினார். சிறியதொரு நிரலை எழுதினார். அதை இயக்கினால் திரையில் நட்சத்திரக் குறிகளால் ஆன ஒரு கிறிஸ்துமஸ் மரம் தோன்றும். இதைப் படித்துப் பார்ப்பதில் சுவையில்லை, 'கிறிஸ்துமஸ்' என்று தட்டச்சு செய்தால் போதும் என்று அதிலேயே குறிப்பும் இருந்தது. பெற்றவர்கள் அவ்வாறே செய்தனர். மரம் தோன்றியது. மரத்தை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அந்நிரல் அவர்களுடைய முகவரிக் குறிப்புகளைப் புரட்டி, அங்கிருந்த பெயர்களுக்கெல்லாம் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. பல்கலைக்கழகங்களை இணைத்த வலைப்பின்னல்களைக் கடந்து ஐ.பி.எம். நிறுவனத்தின் உலகளாவிய வலைப்பின்னலுக்குள் புகுந்து அதை ஸ்தம்பிக்கச் செய்தது.

அந்நிரல் எந்தக் கோப்பையும் கெடுக்கவில்லை. மாணவரிடம் தீய எண்ணம் இருந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் பின்னர் வந்த பெரிய கேடுகளின் இலக்கணம் முழுவதும் அந்த வாழ்த்தில் அடங்கியிருந்தது. தெரிந்தவரிடமிருந்து வருகிறது, ஆவலைத் தூண்டுகிறது, பெற்றவர் தாமே ஒரு செயலைச் செய்ய வேண்டியிருக்கிறது, பிறகு அவர் பெயராலேயே அடுத்தவர் வீட்டுக்குப் போகிறது.

1999-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் வெளிப்பட்ட 'மெலிஸா' இவ்விலக்கணத்தைத் தீய நோக்கோடு கையாண்டது. 'நீங்கள் கேட்ட ஆவணம் இதோ, வேறு யாருக்கும் காட்டவேண்டாம்' என்ற பொருளில் ஓர் அஞ்சல் வரும். உடன் வரும் வேர்ட் கோப்பைத் திறந்து, அதனுள் பொதிந்திருக்கும் மேக்ரோ என்னும் குறுநிரல் ஓடுவதற்கு இடம் கொடுத்தால், அது முகவரிப் புத்தகத்தின் முதல் 50 முகவரிகளுக்குத் தன்னை அனுப்பிவிடும். 50 பேரில் ஒவ்வொருவரும் திறந்தால் 2,500. அவர்களும் திறந்தால் 1,25,000. இக்கணக்கே அச்சமூட்டுவது. ஆனால் அந்த 50 முகவரிகளில் ஒன்று ஒரு குழுவின் முகவரியாக இருந்துவிட்டால்? அந்த ஒரு வரி, 300 உறுப்பினர் உள்ள குழுவில் 300 கடிதங்களாகிவிடுகிறது. அந்நாளில் அமெரிக்கக் கணிப்பொறிப் பாதுகாப்பு மையம் வெளியிட்ட எச்சரிக்கையும் இதனைத் தனியே சுட்டிக்காட்டியது. மெலிஸாவை எழுதிய டேவிட் ஸ்மித் என்பவருக்கு 2002-இல் 20 மாதச் சிறையும் 5,000 டாலர் அபராதமும் கிடைத்தன.

மணிலாவிலிருந்து வந்த காதல் கடிதம்

நம் வாசகர்களில் நடுவயதைக் கடந்தோர் 2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாளை மறந்திருக்கமாட்டார்கள். 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்ற தலைப்பிட்ட அஞ்சல், அன்று ஆசியாவில் அலுவலகங்கள் திறந்த நேரத்தில் பரவத் தொடங்கிற்று. பொழுது மேற்கே விடிய விடிய அதுவும் மேற்கே நகர்ந்து, ஐரோப்பாவையும் பின்னர் அமெரிக்காவையும் எட்டியது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மக்களவை தன் மின்னஞ்சல் வசதியை மூடி வைக்க நேர்ந்தது. தம் மேலதிகாரியிடமிருந்தும் சக ஊழியரிடமிருந்தும் காதல் கடிதம் வந்திருக்கக் கண்ட மனிதர், அது என்னவென்று பார்க்காமல் இருப்பாரா? மனித இயல்பை நன்கு அறிந்த ஒருவர் இட்ட தலைப்பு அது.

அக்கடிதத்தோடு வந்த இணைப்பின் பெயரைச் சற்று ஆராய்வது நன்று. இன்றும் அதே தந்திரம் உயிரோடிருக்கிறது. பெயரின் கடைசியில் 'டி.எக்ஸ்.டி.' என்றும் அதற்கும் பின்னால் 'வி.பி.எஸ்.' என்றும் இரண்டு வால்கள் இருந்தன. முதல் வால், இது வெறும் எழுத்துக் கோப்பு என்று சொல்லும். இரண்டாவதே உண்மையான வால். அது, இக்கோப்பு இயங்கக்கூடிய நிரல் என்பதைக் காட்டும். விண்டோஸ் கணிப்பொறியோ, தான் அறிந்த வால்களைத் திரையில் காட்டாமல் மறைத்துவிடும் பழக்கமுடையது. எனவே உண்மையான வால் மறைந்தது. பொய்யான வால் மட்டும் கண்ணில் பட்டது. வீட்டுக்காரனுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு கள்வனுக்குப் போர்வையாயிற்று. வருந்தத்தக்கது என்னவெனில், இன்றைய விண்டோஸ் 11-இலும் இம்மறைப்பே இயல்பான நிலை. கோப்புகள் உள்ள சாளரத்தில் 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற மூன்றையும் வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் வால்கள் முழுவதும் தெரியும். வீட்டில் விண்டோஸ் கணிப்பொறி உள்ளவர்கள் இதை இன்றே செய்துவைக்கலாம். அரை நிமிட வேலை.

அந்நிரல் திறக்கப்பட்டதும் முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவர்க்கும் தன்னை அனுப்பிக்கொண்டது. அத்துடன் நிற்கவில்லை. கணிப்பொறியில் இருந்த படக் கோப்புகளின்மேல் தன்னையே எழுதி அவற்றை அழித்தது. பாட்டுக் கோப்புகளை மறைத்தது. டிஜிட்டல் புகைப்படங்களைச் சேர்த்துவைக்கும் பழக்கம் குடும்பங்களில் அப்போதுதான் தொடங்கியிருந்தது. திருமணப் படமோ, இறந்துபோன பெற்றோரின் படமோ வேறு படியின்றி அதில் இருந்திருந்தால், அத்துடன் அது போயிற்று. அலுவலகங்களின் நஷ்டத்தைக் கோடிகளில் கணக்கிட்டார்கள். இதற்குக் கணக்கெடுத்தவர் எவருமில்லை.

இதனை எழுதியவர் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் கணிப்பொறிக் கல்லூரி ஒன்றில் படித்த ஓனெல் டி குஸ்மான். இணைய இணைப்புக்குக் கட்டணம் செலுத்த வசதியற்றவர், பிறருடைய இணையக் கடவுச்சொற்களைத் திருடிப் பயன்படுத்தலாம் என்பது அவருடைய திட்டம். அவ்வழியையே பட்ட ஆய்வுக்குத் தலைப்பாகத் தந்தபோது கல்லூரி ஏற்க மறுத்தது. அந்நாட்டில் அப்போது இக்குற்றத்துக்கெனச் சட்டமே இல்லாதிருந்தமையால், 2000 ஆகஸ்டில் வழக்கு கைவிடப்பட்டது. ஜூன் மாதத்தில் நிறைவேறிய புதிய சட்டம், அதற்கு முன் நடந்ததைத் தண்டிக்க இயலவில்லை. நிரலை எழுதியவர் தாமே என்று அவர் ஒரு பத்திரிகையாளரிடம் ஒப்புக்கொண்ட செய்தி வெளிவந்ததோ 2020-இல்.

குற்றமற்றவர்மேல் விழுந்த பழி

மெலிஸாவும் காதல் கடிதமும் ஒரு வகையில் நேர்மையானவை என்றே கூறத் தோன்றுகிறது. யாருடைய கணிப்பொறி கெட்டதோ அவருடைய பெயரிலேயே அவை சென்றன. 'ஐயா, உங்கள் கணிப்பொறியில் ஏதோ புகுந்திருக்கிறது' என்று அவரிடமே சொல்ல முடிந்தது. 2001 அக்டோபரில் தோன்றிய 'கிளெஸ்' இவ்வழியையும் அடைத்துவிட்டது. கெட்டுப்போன கணிப்பொறியின் மூலை முடுக்குகளிலெல்லாம் அது முகவரிகளைத் தேடும். கிடைத்தவற்றுள் ஒன்றைப் பெறுநராகவும் மற்றொன்றை அனுப்புநராகவும் வைத்துத் தன்னை அனுப்பும். உண்மையில் கெட்ட கணிப்பொறிக்கு உடையவர் பெயர் எங்கும் வராது.

ஒரு குழுவில் இதன் விளைவு என்னவாயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குழுவின் உறுப்பினர் முகவரிகள் ஒருவர் கணிப்பொறியில் குவிந்து கிடக்கின்றன. அது கெட்டுப்போகிறது. அந்தோனி அனுப்பியதாக லூர்து அம்மாளுக்கு வைரஸ் வருகிறது. அந்தோனியோ ஒன்றும் அறியார்; அவர் கணிப்பொறி தூய்மையாகவே இருக்கிறது. லூர்து அம்மாள் குழுவுக்கே எழுதி, அந்தோனி நமக்கெல்லாம் நஞ்சு அனுப்புகிறார் என்கிறார். அந்தோனி கொதித்தெழுகிறார். இருவர் அவர் பக்கம், மூவர் இவர் பக்கம். வைரஸை நீக்க மென்பொருள் உண்டு. பத்தாண்டு நட்பில் விழுந்த கறையை நீக்க எந்த மென்பொருளும் இல்லை. போதாக்குறைக்கு, பல நிறுவனங்களின் சர்வர்களில் இருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் 'நீங்கள் எங்களுக்கு வைரஸ் அனுப்பினீர்கள்' என்று தாமாகவே அந்த அப்பாவிகளுக்குக் கடிதம் எழுதி எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தன.

கிளெஸ் இன்னும் இரண்டு கொடுமைகளைச் செய்தது. கெட்ட கணிப்பொறியிலிருந்து அகப்பட்ட ஆவணம் ஒன்றையும் சிலவேளைகளில் உடன் இணைத்தனுப்பியது. ஒருவருடைய தனிப்பட்ட கடிதம் முன்பின் அறியாதவர் கையில் கிடைத்தது. 2002 ஏப்ரலில் வந்த அதன் மறுவடிவம், கிளெஸ் வைரஸுக்கு இலவச மருந்து என்று தன்னையே அறிமுகப்படுத்திக்கொண்டது.

ஆகவே குழுப் பொறுப்பாளர்களுக்கு நாம் முதலாவதாகச் சொல்ல விரும்புவது: உங்கள் குழுவில் வைரஸ் அஞ்சல் ஒன்று வந்தால், அனுப்புநர் இடத்தில் காணும் பெயரைக் கொண்டு எவரையும் பொதுவில் குற்றம் சாட்ட இடங்கொடாதீர்கள்.

பொறுப்பாளர் கையில் உள்ளவை

வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொருவர் வீட்டிலும் இருந்துவிட்டால் போதும் எனச் சிலர் கருதுகின்றனர். அது வேண்டும்தான். ஆனால் 40 பேர் உள்ள குழுவில் ஒருவர் புதுப்பிக்காமல் விட்டிருப்பார். ஒருவர் மகன் வீட்டுக் கணிப்பொறியில் பார்ப்பார். மேலும், புதிய வைரஸ் ஒன்று தோன்றிச் சில மணி நேரம் எந்தத் தடுப்பு மென்பொருளுக்கும் அது அறிமுகமாகாமல் இருக்கக்கூடும். காதல் கடிதம் உலகைச் சுற்றி வந்தது அத்தகைய இடைவெளியில்தான். எனவே நாற்பது வாசல்களுக்குக் காவல் வைப்பதைவிட, எல்லாரும் கடந்துபோகும் ஒரே வாசலில் காவல் வைப்பதே அறிவுடைமை. அவ்வாசல் குழுவை நடத்தும் சர்வர். அதன் திறவுகோல் பொறுப்பாளரிடம் இருக்கிறது.

அங்கே செய்யத்தக்க பெரிய காரியம் ஒன்றே: இணைப்புகளை நீக்கிவிட்டுக் கடிதத்தை மட்டும் அனுப்புதல். 'மெயில்மேன்' போன்ற குழு மென்பொருள்களில் இதற்கென ஏற்பாடு உள்ளது. எவ்வகை இணைப்பை அனுமதிப்பது, எதைக் களைவது என்று ஒருமுறை எழுதிவைத்தால், வருவது பழைய வைரஸா, நேற்றுப் பிறந்ததா என்று அது ஆராய்ந்துகொண்டிராது. இணைப்பு இல்லை, எனவே இணைப்பில் ஒளிந்து வரும் கிருமியும் இல்லை. கூட்ட நிகழ்ச்சி நிரலையும் விழாப் படங்களையும் பின் எப்படிப் பகிர்வது என்று கேட்பீர்கள். பொறுப்பாளர் ஒருவர் மட்டும் அவற்றைப் பெற்று, சோதித்து, பொதுவான ஓரிடத்தில் ஏற்றிவைத்து, அவ்விடத்தை உறுப்பினர்க்கு அறிவிக்கலாம். சற்றுச் சிரமம்தான். ஆயினும் நிகழ்ச்சி நிரலைக் கடிதத்துக்குள்ளேயே பத்து வரியில் எழுதிவிட்டால் பாதிச் சிரமம் குறையும். பத்து வரிச் செய்திக்கு ஒரு வேர்ட் கோப்பை இணைக்கும் வழக்கத்தை நம்மவர் எங்கிருந்து கற்றார்களோ தெரியவில்லை.

அடுத்தது, கடிதத்தை வெற்று எழுத்தாக அனுப்பும் முறை. வண்ணமும் படமும் அலங்காரமும் உள்ள அஞ்சல், உண்மையில் வலைப்பக்கத்தின் மொழியில் எழுதப்பட்டது. அதற்குள் நிரலை ஒளித்துவைக்க இடமுண்டு. 1999-ஆம் ஆண்டின் இறுதியில் பரவிய 'காக்' என்னும் கிருமிக்கு இணைப்பே தேவைப்படவில்லை. கடிதத்தின் அடியில் நாம் பெயர் இடுகிறோமே, அந்தக் கையொப்பப் பகுதியில் அது குடியேறிற்று. கெட்ட கணிப்பொறியிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு கடிதத்திலும் அது உடன் சென்றது. பெறுபவரின் மென்பொருள் பழுது நீக்கப்படாததாயின் கடிதத்தைப் பார்த்தாலே போதும், தொற்றிக்கொண்டது. அப்பழுதுக்கான திருத்தம் சில மாதங்களுக்கு முன்பே, ஆகஸ்டிலேயே வெளியாகியிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்கும்படி கணிப்பொறி கேட்கும்போது 'பிறகு' என்ற பொத்தானையே அழுத்திவரும் அன்பர்கள் கவனிப்பார்களாக. வெற்று எழுத்தாக மாற்றியனுப்பிய குழுக்களில் காக் வழியிலேயே மடிந்தது.

உறுப்பினரல்லாதார் எழுதும் கடிதத்தைக் குழு ஏற்கலாகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உறுப்பினர் பெயரைப் பொய்யாக இட்டு வருவதை இது மட்டும் தடுக்காது. அதற்காகவே சிறிய குழுக்களில், ஒவ்வொரு கடிதத்தையும் பொறுப்பாளர் பார்த்தபின் அனுப்பும் முறை நல்லது. பெயர்த் திருட்டை ஒடுக்க அஞ்சல் நிறுவனங்களும் முயன்றுள்ளன. தம் பெயரில் வரும் கடிதம் தம் சர்வரிலிருந்து முறையாக வராவிட்டால் ஏற்காதீர்கள் என்று 2014 ஏப்ரலில் யாஹூ உலகுக்கு அறிவித்தது. நோக்கம் நல்லதே, ஆனால் குழுக்களின் வழியாக மறுபடி அனுப்பப்பட்ட நேர்மையான கடிதங்களும் அதில் அடிபட்டன. இன்று குழுக் கடிதங்களில் எழுதியவர் பெயருடன் 'வழியாக' என்ற பொருளில் குழுவின் பெயரும் சேர்ந்து தோன்றுவது அதன் பின்விளைவு.

குழு மென்பொருள் எதுவும் இல்லாமல், 80 முகவரிகளையும் 'பெறுநர்' என்ற இடத்தில் வரிசையாக இட்டு அனுப்பும் செயலாளர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் தம்மை அறியாமலேயே ஒவ்வொரு முறையும் 80 வீடுகளின் முகவரிப் பட்டியலை 80 வீடுகளிலும் விநியோகிக்கின்றனர். அவற்றுள் ஒரு கணிப்பொறி கெட்டாலும், கிளெஸ் போன்ற ஒன்றுக்கு அது விருந்து. 'பி.சி.சி.' என்ற மறைபடி இடத்தில் முகவரிகளை இட்டால் எவர் முகவரியும் எவருக்கும் தெரியாது. இதற்குச் செலவு ஏதுமில்லை.

உறுப்பினர் கையில் உள்ளது

2000 ஜூனில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், இயங்கக்கூடிய இணைப்புகளைத் தன் அவுட்லுக் மென்பொருளிலேயே தடுத்தது. 2022-இல், இணையத்திலிருந்து வரும் வேர்ட், எக்செல் கோப்புகளில் மேக்ரோக்கள் ஓடுவதை இயல்பாகவே நிறுத்திவைத்தது. ஆனால் ஒரு கதவை அடைத்தால் கள்வன் மறு கதவைத் தட்டுகிறான். சுருக்கிக் கட்டி, கடவுச்சொல்லால் பூட்டி அனுப்பப்பட்ட கோப்பைத் தடுப்பு மென்பொருளால் திறந்து பார்க்க இயலாது. கடவுச்சொல்லைக் கடிதத்திலேயே எழுதித் தருகிறான். அல்லது இணைப்பே இன்றி, அழுத்தச் சொல்லி ஒரு தொடுப்பை மட்டும் அனுப்புகிறான். கைப்பேசியில் மட்டும் அஞ்சல் பார்ப்போர், இவை நமக்கில்லை என்று எண்ணவேண்டாம். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் 'ஏ.பி.கே.' என முடியும் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கைப்பேசியையே வசப்படுத்தும் மோசடியைக் குறித்து 2024-இல் இந்தியக் காவல் துறையினர் எச்சரித்தனர். அழைப்பிதழ் என்றால் நம் வீடுகளில் திறக்காதவர் யார்?

இவை எல்லாவற்றினும் தந்திரமானது 'எமோடெட்'. 2014-இல் முதன்முதல் கண்டறியப்பட்ட இது, பின்னாளில் கெட்ட கணிப்பொறியிலிருந்து முகவரிகளோடு கடிதங்களையும் திருடிற்று. பிறகு, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த உண்மையான உரையாடலுக்கே மறுமொழி எழுதுவதுபோல் ஓர் இணைப்பை அனுப்பியது. சென்ற வாரம் நீங்கள் எழுதிய வரிகள் கீழே அப்படியே இருக்கும். மேலே ஒரு வரி, 'இணைப்பைப் பார்க்கவும்'. இதனைச் சந்தேகிக்க எவருக்குத் தோன்றும்? 2021 ஜனவரியில் எட்டு நாடுகளின் காவல் துறையினர் சேர்ந்து அதன் சர்வர்களைக் கைப்பற்றினர். அதே ஆண்டு நவம்பரில் அது மீண்டும் தலைகாட்டியது.

இதற்கு மாற்று, கணிப்பொறிக்கு வெளியே இருக்கிறது. எதிர்பாராத இணைப்போ தொடுப்போ வந்தால், அதே அஞ்சலுக்கு மறுமொழி எழுதிக் கேட்கவேண்டாம். மறுமொழி எழுதுபவனும் அவனாகவே இருக்கலாம். தொலைபேசியை எடுத்து, 'அண்ணா, நேற்றிரவு ஏதோ கோப்பு அனுப்பியிருக்கிறீர்களே, நீங்கள்தான் அனுப்பினீர்களா?' என்று கேளுங்கள். ஆம் என்றால் ஒரு நிமிடம் போயிற்று. அப்படியே வீட்டு நலனும் விசாரித்ததாகும். இல்லை என்றால், அவரும் நீங்களும் தப்பினீர்கள்.

நல்லெண்ணத்தால் பரவும் தீமை

1994-ஆம் ஆண்டின் இறுதியில் 'குட் டைம்ஸ்' என்ற தலைப்புள்ள அஞ்சலைப் படித்தாலே கணிப்பொறி பாழாகும் என்றொரு எச்சரிக்கை ஊரெங்கும் பரவிற்று. அப்படியொரு வைரஸே இல்லை. அந்த எச்சரிக்கையே வைரஸின் வேலையைச் செய்தது: பெற்றவர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவர் அனைவர்க்கும் அதை அனுப்பினர். எழுதிய நிரல் தேவைப்படவில்லை. நல்லெண்ணமே நிரலாக இயங்கிற்று.

2001-இல் இது இன்னும் ஒரு படி மேலே சென்றது. 'சல்ஃப்-என்-பி-கே' என்ற கோப்பு உங்கள் கணிப்பொறியில் உள்ளதா என்று தேடுங்கள், இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள், எல்லாருக்கும் அறிவியுங்கள் என்றது ஒரு கடிதம். தேடியவர்க்கெல்லாம் அது கிடைத்தது. கிடைக்காமல் எப்படி இருக்கும்? விண்டோஸ் 98-இல் இயல்பாகவே உள்ள கோப்பு அது. நீண்ட கோப்புப் பெயர்களை மீட்க உதவுவது. தேடியது கிடைத்தமையால் கடிதம் உண்மை என்று நம்பி, தம் கைகளாலேயே தம் கணிப்பொறியின் உறுப்பை அறுத்தெறிந்தனர். அடுத்த ஆண்டே கரடிக்குட்டிப் படம் போட்ட மற்றொரு கோப்பைப் பற்றி இதே கதை நடந்தது. குழுக்களில் இத்தகைய கடிதத்தை முதலில் அனுப்புபவர் பெரும்பாலும் மிகவும் அக்கறையுள்ள உறுப்பினராகவே இருப்பார் என்பதால், அதை மறுத்துரைப்பதும் கடினம். வைரஸ் எச்சரிக்கைகளை உறுப்பினர் எவரும் குழுவுக்கு நேரே அனுப்பாமல் பொறுப்பாளருக்கு மட்டும் அனுப்புவது, அவர் விசாரித்துத் தேவையானால் அறிவிப்பது என்று தொடக்கத்திலேயே விதி வைத்துக்கொண்ட குழுவில் இச்சங்கடம் எழாது.

இத்தனையும் செய்தபின்னரும் ஒருவர் கணிப்பொறி கெடலாம். கெட்டவர் வெட்கப்பட்டு மறைப்பதுதான் அப்போது நேரும் பெரிய தீங்கு. அவர் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, பொறுப்பாளருக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். வேறொரு கணிப்பொறியிலிருந்து தம் அஞ்சல் கடவுச்சொல்லை மாற்றவேண்டும். குடும்பப் படங்களுக்குத் தனியே ஒரு வட்டில் படி எடுத்துக் கழற்றி வைத்திருப்பவர், அன்று அதன் அருமையை அறிவார். பொறுப்பாளர் அந்த உறுப்பினரின் கடிதங்கள் தம் பார்வைக்கு வந்தபின்னரே குழுவுக்குச் செல்லுமாறு மாற்றிவைக்கட்டும். பின்பு எவர் பெயரையும் சொல்லாமல், இன்ன நாளில் இன்ன தலைப்பில் வந்த அஞ்சலைத் திறவாமல் அழித்துவிடுங்கள் என்று மூன்று வரியில் எல்லாருக்கும் எழுதட்டும். பலரும் மறந்துவிடும் வேலை ஒன்று அதன்பின் இருக்கிறது. குழுவின் பழைய கடிதங்கள் அனைத்தும் சர்வரில் சேர்த்துவைக்கப்பட்டிருக்கும். வந்த வைரஸும் அங்கேயே கிடக்கும். அதையும் தேடி நீக்கவேண்டும். அடுத்த ஆண்டு புதிதாகச் சேரும் ஒருவர், குழுவில் முன்பு என்னென்ன பேசினார்கள் என்று ஆவலோடு பழைய கடிதங்களைப் புரட்டும்போது அது அவர் கைக்கு அகப்படக்கூடாது.